கையில் காசு குறைவா? கைவேலையில் பரிசை அழகாக்கலாம்: முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் தினம், தீபாவளி, அலுவலகத்துக் கிறிஸ்துமஸ் பரிசுப் பரிமாற்றம், நடுவில் பிள்ளைகளின் நண்பர்கள் பிறந்தநாள், யாராவது ஒருவர் புதுவீடு புகுவது என்று சிங்கப்பூரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பரிசுக்கு ஓய்வே இல்லை. பத்து வெள்ளிக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டு, அதைச் சுற்ற வண்ணத்தாள், ரிப்பன், ஒட்டுப்பூ, வாழ்த்து அட்டை என்று வாங்கினால் இன்னும் ஆறேழு வெள்ளி கூடிவிடும். படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை.

தாளில் போடும் பணம் பரிசில் தெரிவதே இல்லை. தெரிவது மடிப்பின் கூர்மையும், அளவாக வெட்டிய நேர்த்தியும், வாங்குபவரை நினைத்துச் சேர்த்த ஏதோ ஒன்றும்தான். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் பழைய நாளிதழில் சுற்றிய பெட்டிகூடக் கண்ணை இழுக்கும். கசங்கிய மூலையும் கண்டபடி ஒட்டிய டேப்பும் இருந்தால் விலை உயர்ந்த தாளும் எடுபடாது. அதனால் இந்த வழிகாட்டியில் கடைக்குப் போவதைப் பற்றிக் குறைவாகவும் கைவேலையைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைத் துழாவுங்கள்

அச்சடித்த பரிசுத்தாள் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. 1917இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹால் சகோதரர்களின் கடையில் கிறிஸ்துமஸ் நேரத்தில் மெல்லிய சுற்றுத்தாள் தீர்ந்துபோனது. உறைகளுக்கு உட்பக்கம் ஒட்டுவதற்கென்று வைத்திருந்த அலங்காரத் தாளை எடுத்து விற்றார்கள், உடனே விற்றுத் தீர்ந்தது. பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுதான். கையில் இருந்ததை எடுத்துச் சுற்றியதில் தொடங்கிய தொழில், நாமும் அதையே செய்யலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பவை இவை:

- பழைய மாத நாட்காட்டி. தாள் தடிமனாக இருக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். மடிப்பு கத்தி போல நிற்கும். ஆனால் சாமி படம் போட்ட தாளைத் தொட வேண்டாம். பரிசைப் பிரிப்பவர் கிழித்துக் குப்பையில் போடுவார், முருகன் படத்துக்கு அந்தக் கதி வேண்டாம்.
- பிள்ளைகள் பள்ளித் திட்டப்பணிக்கு வாங்கி மிச்சம் வைத்த மாஜோங் பேப்பர் என்னும் பெரிய வெள்ளைத்தாள். மெல்லியது, அச்சுக் குத்தவும் வரையவும் ஏற்றது. கிழியாமல் இருக்க இரண்டாக மடித்துச் சுற்றுங்கள்.
- இணையத்தில் பொருள் வாங்கும்போது பெட்டிக்குள் கசக்கித் திணித்து வரும் பழுப்புத் தாள். இதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் தேர்வு. லேசான சூட்டில் இஸ்திரி போட்டால் பெரும்பாலான சுருக்கம் போய்விடும்.
- தமிழ் நாளிதழ். 1935 முதல் வந்துகொண்டிருக்கும் தமிழ் முரசு இன்னும் பல வீடுகளில் காகிதமாகவே வருகிறது. தமிழ் எழுத்து நிறைந்த பக்கத்தில் சுற்றி, மேலே ஒரு சிவப்புக் கயிறு கட்டினால் பாட்டி தாத்தாவுக்குக் கொடுக்க அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.
- ராஃபியா என்னும் நெகிழி நாடாக் கயிறு, சணல் கயிறு, பழைய புடவை, கிழிந்த துப்பட்டா, துணிக்கடைப் பைகளின் கைப்பிடிக் கயிறு.

நாளிதழைப் பற்றி மூன்று எச்சரிக்கை. முதலில் பக்கத்தை வாசியுங்கள், மரண அறிவித்தலும் விபத்துச் செய்தியும் பெட்டியின் மேல்பக்கத்தில் வந்து நிற்கக் கூடாது. சீன நாளிதழ் பார்க்க அழகாக இருக்கிறது என்று எடுத்தால், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் சுற்றுங்கள். மூன்றாவது, மை ஒட்டும். வெளிர்நிறத் துணியையோ புத்தகத்தையோ நேராக அதில் வைக்காமல் உள்ளே ஒரு வெள்ளைத்தாள் சுற்றுங்கள். தின்பண்டத்துக்கு நாளிதழ் வேண்டவே வேண்டாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை

இரண்டு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று, நன்றாக வெட்டும் கத்தரிக்கோல். இன்னொன்று, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். நம் ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத நாளின் பிற்பகலில்கூட 60 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். இந்த ஈரத்தில் மலிவு செலோடேப் ஒரே இரவில் ஓரம் கிளம்பிவிடும். இருபக்க டேப் தாளுக்கு அடியில் மறைந்து இறுகப் பிடிக்கும், டேப் ஒட்டிய அடையாளமும் தெரியாது. டைசோவில் இரண்டு வெள்ளிச் சொச்சத்துக்குக் கிடைக்கும், பாப்புலர் புத்தகக் கடையிலும் வாங்கலாம். ஒரு சுருள் பல மாதம் வரும்.

ரிப்பன் வேண்டும் என்றே இருந்தால் அரபு ஸ்ட்ரீட் துணிக்கடைகளிலும் பீப்பிள்ஸ் பார்க் வளாகத்திலும் மீட்டர் கணக்கில் கேட்டு வாங்குங்கள். தேவைக்கு ஒரு மீட்டர் வாங்குவது முழுச் சுருள் வாங்குவதைவிட மலிவு.

பெட்டியைச் சுற்றும் முறை

இங்கேதான் நிதானம் தேவை. பெரும்பாலோர் தாளைக் கண்ணளவில் வெட்டிவிடுகிறார்கள். தாள் அதிகமானால் இரண்டு முனையிலும் மடிப்பு மூட்டையாகத் திரளும், குறைந்தால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

உதாரணத்துக்கு 20 செ.மீ. நீளம், 15 அகலம், 8 உயரமுள்ள பெட்டி. அகலத்தையும் உயரத்தையும் கூட்டுங்கள்: 23. அதை இரட்டித்தால் 46. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 3 சேர்த்தால் 49. இது தாளின் ஒரு பக்கம். மறுபக்கத்துக்கு நீளம் 20, அதோடு இரண்டு முனைக்கும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 6 செ.மீ. வீதம் 12. ஆக 32. எனவே 49க்கு 32 அளவில் ஒரு தாள் போதும். அளவுகோல் இல்லையென்றால் ஒரு நூலைப் பெட்டியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டி, அந்த நூலைத் தாளின்மேல் வைத்துப் பாருங்கள்.

1. தாளின் நல்ல பக்கம் மேசையைப் பார்க்கட்டும். பெட்டியைத் தலைகீழாக நடுவில் வையுங்கள். அப்போதுதான் சேருமிடம் அடிப்பக்கம் வரும்.
2. பெட்டியின் நீளவாக்கில் இருக்கும் தாள் ஓரம் ஒன்றைத் தூக்கிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். மறுபக்கத்தின் ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடித்துக் கோடு போலாக்கி, அடியில் இருபக்க டேப் வைத்து, இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். பெட்டிக்கும் தாளுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது.
3. முனையில், முதலில் இடதுபுறத்தையும் வலதுபுறத்தையும் உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு முக்கோணத் துண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் அடிமடிப்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள்.
4. மேசைமேல் இப்போது மேலே இருப்பது பெட்டியின் அடிப்பக்கம். அந்த அடிப்பக்கத்துத் துண்டை முதலில் மடியுங்கள். பரிசின் மேல்முகத்தை ஒட்டிய துண்டைக் கடைசியாக அதன்மேல் ஏற்றி ஒட்டுங்கள். நிமிர்த்தி வைக்கும்போது மடிப்பின் ஓரம் கண்ணில் படாது. மறுமுனைக்கும் இப்படியே.
5. எல்லாம் முடிந்ததும் கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துப் பெட்டியின் ஒவ்வொரு விளிம்பையும் கிள்ளியபடி முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு போங்கள்.

இந்த ஐந்தாவது வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் கட்டியதற்கும் வீட்டில் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல் இந்தக் கிள்ளலில்தான் இருக்கிறது. செய்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தாள் பற்றவில்லை என்றால் சாய்த்து வைத்துப் பாருங்கள். 15க்கு 15, உயரம் 5 உள்ள தட்டைப் பெட்டிக்கு மேலே சொன்ன கணக்குப்படி 43 செ.மீ. நீளத் தாள் வேண்டும், ஏ3 தாள் எட்டாது. அந்த ஏ3 தாளையே 29.7 செ.மீ. சதுரமாக வெட்டி, பெட்டியைச் சாய்சதுரமாக நடுவில் வைத்து, நான்கு மூலையையும் உறை மடிப்பது போல நடுவுக்குக் கொண்டுவந்தால் அழகாக மூடிவிடும். கணக்கு எளிது: பெட்டி முகத்தின் மூலைவிட்டம், அதோடு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 21.2, 7.5 இரண்டும் சேர்ந்தால் 28.7. சதுரத் தாளின் பக்கம் அவ்வளவு இருந்தால் போதும். சதுர முகமுள்ள தட்டைப் பெட்டிகளுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

முறுக்கு டப்பா, பொம்மை, பணம்

தீபாவளிக்கு அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும் சிவப்பு மூடி முறுக்கு டப்பாவை முழுதாகச் சுற்றவே தேவையில்லை. பலகாரம் வெளியே தெரிவதுதான் அதற்கு அழகு. மூடியைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக ஒரு துணி வட்டம் வெட்டி, மூடியின்மேல் போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, அதை மறைத்துச் சணல் கட்டுங்கள். தாளில் முழுதாகச் சுற்றத்தான் வேண்டும் என்றால் டப்பாவின் சுற்றளவோடு 3 செ.மீ. ஒரு பக்கம், உயரத்தோடு விட்டம் மறுபக்கம். முனைகளைப் புடவைக் கொசுவம் போலச் சின்னச் சின்னதாக ஒரே திசையில் மடித்து, நடுவில் ஒரு வட்டத் தாளை ஒட்டிவிடுங்கள்.

பொம்மை, சட்டை போன்ற வடிவமில்லாத பொருளைத் தாளோடு மல்லுக்கட்டிச் சுற்றாதீர்கள். தாளைக் குழாய் போல ஒட்டி, அடியை மடித்து ஒட்டினால் பை ஆகிவிடும். உள்ளே வைத்து, வாயை இரண்டு முறை சுருட்டி, துளை போட்டுக் கயிறு கோத்தால் முடிந்தது.

பணமோ பரிசுப் பற்றுச்சீட்டோ கொடுப்பதென்றால் கழிவறைத் தாள்சுருளின் அட்டைக் குழாயைத் தட்டையாக்கி, இரண்டு முனையிலும் வளைவாக உள்ளே அழுத்துங்கள், தலையணை வடிவில் குட்டிப் பெட்டி வரும். மேலே வண்ணத்தாள் ஒட்டினால் எதில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. நம்மவர்களுக்கு 51, 101 என்று ஒற்றை வெள்ளி சேர்த்து வைப்போம். சீன நண்பர் வீட்டுத் திருமணத்தில் இரட்டைப்படைதான் மரபு, அதிலும் 4 வேண்டாம்.

புடவைத் துணியில் கட்டுவது

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஜப்பானியர் ஃபுரோஷிகி என்கிறார்கள். நெகிழிப் பையைக் குறைக்க வேண்டும் என்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்க்கே 2006இல் இதை மறுபடி முன்னிறுத்தினார். இங்கே 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள். பரிசு சுற்றிய துணியை மறுநாள் பரிசு பெற்றவர் சந்தைக்குப் பையாகவே எடுத்துப் போகலாம்.

ஐந்தரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்ட ஒரு பழைய புடவையில் 70 செ.மீ. சதுரங்கள் ஏழு வெட்டலாம். பக்கவாட்டில் மிஞ்சும் நீளத் துண்டை நான்கு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்தால் பல மாதத்துக்கு ரிப்பன் வாங்க வேண்டாம். கரையைத் தனியாக வெட்டி வையுங்கள், பழுப்புத் தாளில் சுற்றிய பெட்டிக்கு அந்தக் கரை ஒன்றே போதும், வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படாது. அம்மாவையோ மாமியாரையோ கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். அசல் சரிகைப் பட்டுப்புடவையை வெட்டவே கூடாது. கிழிந்த பருத்திப் புடவை, சாயம் போகாத சின்தடிக் புடவை இவைதான் இதற்கு.

பொருளின் நீளம் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 70 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம் 99, ஆகவே 33 செ.மீ. வரை உள்ள பொருள் அடங்கும். துணியைச் சாய்சதுரமாக விரித்து நடுவில் பொருளை வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பொருளின்மேல் போர்த்தி அடியில் செருகுங்கள். எதிர்மூலையையும் போர்த்துங்கள். இடது, வலது மூலைகளைத் தூக்கி, வலதை இடதின்மேல் போட்டு ஒரு முடிச்சு, அப்புறம் இடதை வலதின்மேல் போட்டு இன்னொரு முடிச்சு. சரியாகப் போட்டிருந்தால் முடிச்சின் இரண்டு காதும் பக்கவாட்டில் படுத்திருக்கும். காதுகள் மேலும் கீழுமாக நின்றால் இரண்டாவது முடிச்சு திரும்பிவிட்டது என்று பொருள், அவிழ்த்து மறுபடி போடுங்கள். திரும்பிய முடிச்சு பாதி வழியில் நழுவும்.

ஓரம் பிரியாமல் இருக்க ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். நேரம் இல்லையென்றால் பிரிந்த ஓரத்தை உள்பக்கம் மடித்து மறைத்துக் கட்டலாம்.

மேலே என்ன வைப்பது

ஒன்றே ஒன்று போதும். பூ, ரிப்பன், மணி, ஒட்டுப்படம் எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் எடுபடாது.

வெள்ளைப் பேனாவில் கோலம். பழுப்புத் தாளுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. சுற்றிய பிறகு வரையாதீர்கள், பேனா அழுத்தித் தாள் குழிவிழும். தாளை அளந்து, பெட்டியைச் சுற்றி ஒருமுறை லேசாக மடித்துப் பார்த்து, மேல்முகம் எங்கே வருகிறதோ அந்த இடத்தை மட்டும் பென்சிலால் குறியுங்கள். தாளைப் பிரித்து மேசையில் விரித்து, குறித்த சதுரத்தின் நடுவில் 2 செ.மீ. இடைவெளியில் 5 புள்ளி, அதன் மேலும் கீழும் 3, அப்புறம் 1 வையுங்கள். புள்ளியைச் சுற்றி வளைந்து போகும் சிக்குக் கோலம் சிறிய பெட்டிக்கு நன்றாக அமையும். வெள்ளை ஜெல் பேனாவை ஒரே வேகத்தில், தூக்காமல் ஓட்டுங்கள். நடுவில் நின்றால் அந்த இடத்தில் மை திரண்டு கறையாகும். சாக்பீஸ் வேண்டாம், கைபட்டால் அழிந்துவிடும். விசிறிக்கு அடியில் நன்றாகக் காயவிட்டுப் பிறகுதான் சுற்ற வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அச்சுக் குத்தும் வேலையைக் கொடுங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ, ஈரச்சந்தையில் கிடைக்கும் தாமரைத் தண்டை வெட்டினால் துளைத் துளையாய்ச் சக்கரம். வெட்டிய பக்கத்தை மெல்லிய தாளில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, தட்டில் மெலிதாகப் பரப்பிய போஸ்டர் வண்ணத்தில் தொட்டு மாஜோங் பேப்பரில் குத்தச் சொல்லுங்கள். ஈரத்தை எடுக்காவிட்டால் வெண்டைக்காயின் வழவழப்பில் வண்ணம் வழுக்கிப் பூ உருவம் கலங்கும். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வரும் ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளை தன் கையால் குத்திய தாளில் சுற்றிக் கொடுத்தால், உள்ளே ஒரு பேனா இருந்தாலும் ஆசிரியருக்கு யார் கொடுத்தது என்று நினைவிருக்கும்.

ராஃபியா கயிற்றை நான்கு விரலில் நாற்பது ஐம்பது முறை சுற்றி, நடுவில் இறுகக் கட்டி, இரண்டு பக்கத்து வளையங்களையும் வெட்டி, பழைய சீப்பால் வாரிக் கிழியுங்கள். பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகள் கையில் பிடிக்கும் அதே பாம்பாம், சின்ன அளவில். இளஞ்சிவப்பு ராஃபியா சிறுவர் பரிசுக்குப் பிரமாதமாக இருக்கும்.

பாண்டான் இலையை ரிப்பனாகக் கட்டலாம், வாசனையும் வரும். தேக்காவில் வாங்கும் மல்லிகைச் சரமும் அப்படியே. இரண்டையும் கொடுக்கப் போகும் நாளன்று, கிளம்பும் முன்புதான் கட்ட வேண்டும். ஈரம் தாளில் கறையாகாமல் இருக்கப் பூவுக்கு அடியில் ஒரு துண்டு வாழையிலை வையுங்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம்

பல இனத்தவர் சேர்ந்து வாழும் புளோக்கில் நிறம் பார்த்துக் கட்டுவது மரியாதை. மூத்த சீனர்களுக்கு வெள்ளையும் கறுப்பும் துக்கத்தின் நிறம், சிவப்பும் தங்கநிறமும் நல்லவை. வெள்ளை மாஜோங் பேப்பர்தான் இருக்கிறது என்றால் சிவப்பு அச்சால் நிரப்பிவிடுங்கள். நோன்புப் பெருநாளுக்குப் பச்சை எப்போதும் பொருந்தும். நம் வீட்டுத் திருமணத்துக்கும் சீமந்தத்துக்கும் கறுப்பைத் தவிர்த்து, மஞ்சள், குங்குமச் சிவப்பு, இலைப்பச்சை வைத்துக் கட்டினால் பெரியவர்கள் முகம் மலரும்.

வாழ்த்து அட்டைக்குத் தனியே செலவு வேண்டாம். சுற்றிய தாளின் மிச்சத்திலேயே இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, துளை போட்டுக் கயிற்றில் கோத்துவிடுங்கள். பெயரைத் தமிழில் எழுதுங்கள். தமிழ் தெரியாத நண்பருக்கும் தன் பெயரைத் தமிழில் பார்ப்பது ஆசையாக இருக்கும், கீழே ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்ளலாம்.

எடுத்துப் போவதும் எடுத்து வைப்பதும்

பேருந்தில், எம்ஆர்டியில் கொண்டுபோகும்போது மழை எந்த நேரமும் வரலாம். அரிசிப் பை, பெரிய நெகிழிப் பை எதையாவது வெளியே மாட்டி, வாசலுக்குப் போனதும் கழற்றிவிடுங்கள். ரிப்பன் முடிச்சு உயரமாக இருந்தால் பைக்குள் நசுங்கும், அதை மட்டும் கையோடு கொண்டுபோய் அங்கே கட்டலாம்.

உங்களுக்கு வரும் பரிசுகளைப் பிரிக்கும்போது டேப்பைக் கத்தியால் கீறுங்கள், தாளைக் கிழிக்காதீர்கள். கசங்கிய தாளைத் துணிக்கு அடியில் வைத்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு, அட்டைக் குழாயில் சுருட்டி, ஈரம் ஏறாத அலமாரியில் நிற்க வையுங்கள். மினுமினுப்புத் தூள் ஒட்டிய தாளும் பளபளக்கும் உலோகப் பூச்சுத் தாளும் மறுபயனீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. சந்தேகமாக இருந்தால் தாளைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் வெறும் காகிதம், மெல்ல விரிந்தால் நெகிழி கலந்தது. அந்த வகைத் தாளைக் கிழியும்வரை மறுபடி மறுபடி பரிசு சுற்றவே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.